இயேசு கண்ணீர் விட்டார்: நம் ஊர்ச் சபைகளின் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ச் சபைகளின் போதகர்களுக்கும், பங்குத்தந்தையர்க்கும், மூப்பர்களுக்கும், ஞாயிறு பள்ளி மற்றும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் என் தோத்திரங்கள்.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஞாயிறு பள்ளியிலும் பாடம் நடத்தி வருகிறேன். பிரசங்கத்தில் எனக்கு ஒப்பாத ஒன்று வந்தால், ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று போதகரிடம் நேரில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைப்பதுதான் என் வழக்கம், மடல் எழுதியதில்லை. இந்த முறையும் நேரில்தான் கேட்டேன். கிடைத்த பதில் என்னை எழுத வைத்தது.

சென்ற ஆண்டின் பிற்பகுதியில் நம் ஊரையொட்டிய ஒரு தாமான் குடியிருப்பில் ஓர் இறப்பு. ஈப்போவில் இரவு வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த இளைஞன், வீடு வந்து சேரவில்லை. வாசலில் கூடாரம் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். பெட்டி கூடத்தில் இருந்தது. அதன் தலைமாட்டில் தாய் உட்கார்ந்திருந்தார். வெளியூரிலிருந்து அழைக்கப்பட்டிருந்த போதகர், ஜெபத்துக்கு முன் பேசும்போது, விசுவாசி அழக்கூடாது என்றும், கண்ணீர் அவிசுவாசத்தின் அடையாளம் என்றும், மரணத்தை ஜெயித்த தேவனைப் பெற்றிருக்கிற நாம் உலகத்தாரைப் போல ஒப்பாரி வைக்கலாமா என்றும் கேட்டார். அந்தத் தாய் சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டார். நான் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வர விடாத அந்த அழுகை அவருடைய உடம்பைக் குலுக்கியது என் கைக்குத் தெரிந்தது.

அடக்கம் முடிந்த பிறகு அந்தப் போதகரிடம், "ஐயா, யோவான் பதினொன்றாம் அதிகாரத்தில் 'இயேசு கண்ணீர் விட்டார்' என்று இருக்கிறதே?" என்று கேட்டேன். அவர் பொறுமையாகவே பதில் சொன்னார்: "அம்மா, அது நமக்காகச் செய்து காட்டியது. தேவனுக்கு ஏது துக்கம்? மனுஷ வேஷத்தில் இருந்தபடியால் அப்படிச் செய்தார்." அவரைக் குறை சொல்லி அவமானப்படுத்துவது என் நோக்கம் அன்று. போக்குவரத்துச் செலவுக்கென்று வீட்டார் நீட்டிய உறையைக்கூட அவர் வாங்கவில்லை. ஆனால் 'வேஷம்' என்ற அந்தச் சொல் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

அந்தச் சொல் அவர் ஒருவருடையது என்றால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். நம் ஊர்ப் பிரசங்க பீடங்களில் வேறு வேறு வடிவில் அதை நான் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். படகின் பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்கினாரே என்றால், சீஷர்களின் விசுவாசத்தைச் சோதிக்கத் தூங்குவது போலிருந்தார் என்கிறோம். அந்த நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியார் என்று அவரே சொன்னாரே என்றால், அறிந்தும் அறியாதவர் போலச் சொன்னார் என்கிறோம். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில், சிலுவையில் அவர் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாம் வார்த்தையான "தாகமாயிருக்கிறேன்" என்பதற்கு வந்து நிற்கும் போதகர், பத்தில் ஒன்பது முறை, "அது தண்ணீருக்கான தாகம் அல்ல, ஆத்துமாக்களுக்கான தாகம்" என்றுதான் தொடங்குகிறார். நேற்றிரவு முதல் விசாரணைக்கு இழுக்கப்பட்டு, வாரினால் அடிக்கப்பட்டு, வெயிலில் சிலுவையில் தொங்குகிற ஒரு மனிதருக்கு நா வறண்டு போகாதா? காடியில் தோய்த்த கடற்காளானை வாயருகே நீட்டியபோது அவர் அதை வாங்கிக்கொண்டார் என்று யோவான் எழுதுகிறார். ஆத்துமாக்களுக்கான தாகத்துக்குக் காடி எதற்கு? அந்த வசனத்துக்கு ஆழமான பொருள் இருக்கலாம், இருக்கட்டும். முதலில் தொண்டையைத் தொண்டையாக விடுங்கள்.

இந்தப் பிழை புதிதல்ல, போதகர்களாகிய உங்களுக்குத் தெரியாததும் அல்ல. கிறிஸ்து மாம்சத்தில் வந்ததாகத் தோன்றினார், பாடுபட்டதாகத் தோன்றினார், உண்மையில் அவரை எதுவும் தொடவில்லை என்று சொன்னவர்கள் அப்போஸ்தலர் காலத்தின் இறுதியிலேயே இருந்தார்கள். 'தோன்றுதல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்தே அந்தக் கொள்கைக்குப் பெயர் வந்தது. மாம்சத்தில் வந்த இயேசு கிறிஸ்துவை அறிக்கை செய்வதையே யோவானின் முதலாம் நிருபம் உரைகல்லாக வைக்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விலங்கிடப்பட்டு ரோமுக்குக் கொண்டுபோகப்பட்ட அந்தியோக்கியாவின் இஞ்ஞாசியார் வழியில் எழுதிய மடல் ஒன்றில், கிறிஸ்து பாடுபட்டது வெறும் தோற்றம் என்றால் நான் ஏன் கட்டப்பட்டிருக்கிறேன் என்று கேட்கிறார். தத்துவ விவாதமாகத் தெரிகிற ஒன்றுக்கு எவ்வளவு நேரடியான பதில்! சாகப் போகிறவருக்கு, தம் ஆண்டவர் உண்மையிலேயே செத்தாரா என்பது தெரிந்தாக வேண்டும். கூடாரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்த அந்தத் தாயின் கேள்வியும் அதுதான்.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்பதைச் சொல்ல வேண்டுமானால் ரப்பர் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தாயார் பால்வெட்டுத் தொழிலாளி. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய், இருட்டிலேயே நிரையில் இறங்கி மரத்துக்கு மரம் நடந்தவர். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் அன்றைக்குச் சம்பளமும் இல்லை. காய்ந்த பால் அவருடைய விரலிடுக்கில் கறுத்து ஒட்டிக் கிடக்கும். தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்துக்கு ஆண்டுக்கு ஓரிரு முறை தோட்ட நிர்வாகியான துரை வருவார். அவர் வருகிறார் என்றால் முதல் நாளே கால்வாய் ஓரமெல்லாம் சுண்ணாம்பு போட்டுவிடுவார்கள். ஒரு பக்கம் கணக்கெழுதும் கிராணி, மறுபக்கம் வேலையை மேற்பார்க்கும் தண்டல், நடுவில் முழங்கால் வரை காலுறை அணிந்த துரை. கூரை ஒழுகுகிறதா என்று கேட்பார். பதில் வருவதற்குள் அடுத்த வீட்டு வாசலுக்குப் போயிருப்பார். அரை மணி நேரத்தில் ஜீப் பங்களாவுக்குத் திரும்பிவிடும். அவர் பொல்லாதவர் அல்லர். விசாரித்தது உண்மையான அக்கறையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே ஒரு மழை இரவுகூட அவர் படுத்ததில்லை.

நாம் பிரசங்கிக்கும் இயேசு அந்தத் துரையைப் போல் வந்து போகிறார் என்பதே என் முறையீடு. சுவிசேஷங்கள் காட்டுகிறவர் லயத்திலேயே பிறந்தவர். தச்சன் என்று ஊரார் ஏளனமாகச் சொன்ன கைத்தொழில் அவருடையது. பிரயாணத்தினால் களைத்துக் கிணற்றருகே உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டவர். "ஞானத்திலும், வளர்த்தியிலும்" அவர் விருத்தியடைந்தார் என்று லூக்கா எழுதுகிறார். அப்படியானால் அவர் நடக்கக் கற்றார், பேசக் கற்றார், எழுத்தும் கற்றார். புக்கிட் மெர்தாஜாமில் ஜூலை மாதத்தில் புனித அன்னாள் திருவிழாவுக்கு நம்மில் பலர் பேருந்து பிடித்துப் போகிறோம். மற்றச் சமயத்தவரும் மெழுகுவர்த்தியோடு அங்கே வருகிறார்கள். இயேசுவின் பாட்டி என்று திருச்சபை மரபு சொல்லும் ஒருவருக்காக எடுக்கப்படும் விழா அது. மரியாளின் பெற்றோர் பெயரை வேதாகமம் சொல்லவில்லை என்று என் லுத்தரன் நண்பர்கள் நினைவூட்டுவார்கள், சரிதான். ஆனாலும் நம் இரட்சகருக்கு ஒரு பாட்டி இருந்திருக்க வேண்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது.

நண்பன் லாசரு இறந்து, இயேசு கண்ணீர் விட்ட பெத்தானியா ஊருக்குத் திரும்ப வருகிறேன். அந்த ஒரே அதிகாரத்தை முழுதாக வாசித்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. இருபத்தைந்தாம் வசனத்தில் அவர் லாசருவின் சகோதரி மார்த்தாளிடம் "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்கிறார். முப்பத்தைந்தாம் வசனத்தில் கண்ணீர் விடுகிறார். நாற்பத்து மூன்றாம் வசனத்தில் "லாசருவே, வெளியே வா" என்று உரத்த சத்தமாய்க் கூப்பிடுகிறார். நம் துக்க வீட்டுப் பிரசங்கங்கள் இருபத்தைந்தில் ஏறி நாற்பத்து மூன்றில் இறங்கிவிடுகின்றன. இடையில் உள்ள பதினேழு வசனங்களை யாரும் மிதிப்பதில்லை. இத்தனைக்கும், இன்னும் சிறிது நேரத்தில் லாசரு நடந்து வருவான் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தே அழுதார். ஆகையால் நம்பிக்கை இருக்கிறவனுக்கு அழுகை வராது என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

ரோம் ஆயராக இருந்த லியோ, 449ஆம் ஆண்டில் கொன்ஸ்தாந்திநோபிளின் ஆயருக்கு எழுதிய புகழ்பெற்ற மடலில் இந்தக் கல்லறையையே எடுத்துக்கொள்கிறார். செத்துப்போன நண்பனுக்காக இரக்கத்தால் அழுவது ஓர் இயல்பின் செயல், நான்கு நாள் கல்லறையிலிருந்து அவனைக் கட்டளையிட்டு எழுப்புவது இன்னோர் இயல்பின் செயல் என்று பிரித்துக் காட்டிவிட்டு, இரண்டையும் செய்தவர் ஒருவரே என்று நிலைநாட்டுகிறார். அந்த மடல் 451இல், திருச்சபையின் ஆயர்கள் கூடிய கால்செதோன் பொதுச்சங்கத்தில் வாசிக்கப்பட்டது. அந்தச் சங்கம் வகுத்த விசுவாச அறிக்கை, கிறிஸ்து தேவத்துவத்தில் பிதாவோடு ஒரே பொருளானவர், மனிதத்துவத்தில் பாவம் தவிர மற்ற எல்லாவற்றிலும் நம்மோடு ஒரே பொருளானவர் என்று சொல்லி, அந்த இரண்டு இயல்புகளும் ஒருவரிடத்தில் கலவாமலும், மாறாமலும், பிரியாமலும், பிளவுபடாமலும் இருக்கின்றன என்று நான்கு 'இல்லை'களால் வேலி கட்டியது. எப்படி என்று அது விளக்கவில்லை. விளக்காததை முன்பெல்லாம் குறையாக நினைத்தேன்; இப்போது அதுதான் அதன் நேர்மை என்று நினைக்கிறேன். எகிப்து, ஆர்மீனியா, சிரியா மரபுச் சபைகள் அந்தச் சொற்களை ஏற்காமல் விலகின. கேரளத்து மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அவர்களும் அவரை மெய்யான தேவன், மெய்யான மனிதர் என்றே அறிக்கை செய்கிறார்கள். சண்டை சொற்களைப் பற்றியது, வேஷத்தை அவர்களில் எவரும் ஏற்பதில்லை.

கெத்செமனேயைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே" என்று அவர் ஜெபித்தபோது, அவருக்கென்று மனித சித்தம் ஒன்று இருந்ததா என்ற கேள்வி ஏழாம் நூற்றாண்டில் எழுந்தது. அரசர் தரப்பு, கிறிஸ்துவுக்கு ஒரே சித்தம்தான் என்று சொல்லி விவாதத்தை மூடப் பார்த்தது. மாக்சிமுஸ் என்ற துறவி மறுத்தார்: சாவுக்கு அஞ்சிக் கூசிய மனித சித்தம் மெய்யாகவே அவருக்கு இருந்தது, அதுவே பிதாவுக்குக் கீழ்ப்படிந்தது என்றார். முதிய வயதில் அவருடைய நாவையும் வலக்கையையும் வெட்டி நாடு கடத்தினார்கள், 662இல் இறந்தார். இருபது ஆண்டுகள் ஆவதற்குள், 681இல், அவர் சொன்னதே சரி என்று திருச்சபையின் சங்கம் தீர்ப்பளித்தது. இயேசு உண்மையாகவே பயந்தார் என்று சொல்வதற்காக ஒருவர் நாவை இழந்திருக்கிறார். நாமோ அதைச் சொல்லக் கூச்சப்படுகிறோம்.

என் வகுப்பில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், அவரு கடவுள்னா ஆணி அடிக்கிறப்ப வலிச்சிருக்காதுல்ல?" வலித்தது என்றேன். "அப்ப கடவுளுக்கு வலிச்சுதா?" என்று விடாமல் கேட்டான். எபேசு சங்கம் 431இல் இதே கேள்வியின் இன்னொரு வடிவத்தை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தது. மரியாளைத் தேவனைப் பெற்றவள் என்று அழைக்கலாமா என்பதன் அடியில் கிடந்தது, பிறந்தவரும் அழுதவரும் செத்தவரும் யார் என்ற கேள்வியே. ஆம் என்று அவனிடம் சொன்னேன். தேவ இயல்பு வலிக்கு அப்பாற்பட்டது, ஆனால் தேவகுமாரன் தாம் எடுத்துக்கொண்ட மனித உடலிலும் மனதிலும் அந்த வலியைத் தம்முடையதாகவே பட்டார் என்பதை ஒன்பது வயதுக்கு ஏற்ற தமிழில் எப்படியோ சொல்லி முடித்தேன். நம் பாடப் புத்தகத்தில் அதற்கு உதவி இல்லை. அதிலுள்ள படங்களில் இயேசுவின் அங்கி எப்போதும் வெளுத்த வெள்ளையாக இருக்கிறது. காலில் புழுதி இல்லை.

மறுபக்கத்திலும் சறுக்கல் உண்டு. இளையோர் கூட்டங்களில் சில சகோதரர்கள் அவரை ஏழைகளின் தோழர், நல்ல ஆசான், சீர்திருத்தக்காரர் என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் வெறும் மனிதராக இருந்தால், துக்க வீட்டுக் கூடாரத்தில் அழுகிறவர்களில் இன்னொருவர், அவ்வளவே. நாங்கள் ஏற்கெனவே நிறையப் பேர் அழுதுகொண்டிருந்தோம். நிசேயா சங்கம் கூடி 2025இல் 1700 ஆண்டுகள் நிறைந்தன. குமாரன் இல்லாதிருந்த காலம் ஒன்று உண்டு, அவர் படைப்புகளில் தலைசிறந்தவர் என்று ஆரியுஸ் என்ற குரு சொன்னதை 325இல் அந்தச் சங்கம் மறுத்ததற்குக் காரணம் இதுதான்: மீட்கப்பட வேண்டிய ஒரு படைப்பு இன்னொரு படைப்பை மீட்க முடியாது. அதே நூற்றாண்டில் நசியான்சுஸ் கிரகோரி என்ற இறையியலாளர், கிறிஸ்துவுக்கு மனித அறிவும் மனமும் இருந்ததை மறுத்தவர்களுக்கு எதிராக எழுதும்போது, ஏற்றுக்கொள்ளப்படாதது குணமாக்கப்படவில்லை என்றார். துக்கத்தை அவர் ஏற்றுக்கொள்ளவில்லையென்றால் நம் துக்கம் அவருக்கு வெளியே நிற்கிறது.

அடுத்த வீட்டு அக்கா சிவபக்தை. எங்கள் கிறிஸ்துமஸ் பலகாரமும் அவர்களுடைய தீபாவளி முறுக்கும் வேலியைத் தாண்டி நாற்பது ஆண்டுகளாகப் போய் வருகின்றன. "உங்க சாமியும் அவதாரம் எடுத்தவர்தானே?" என்று அவர் கேட்டதுண்டு. நம் முன்னோரும் 'மனுஷாவதாரம்' என்ற சொல்லை ஆண்டிருக்கிறார்கள், இறங்கி வருதல் என்ற பொருள் அதில் இருப்பதால். அவரவர் நம்பிக்கையை மதித்தே நான் அவரிடம் சொன்ன வேறுபாடு ஒன்றுதான்: நாங்கள் நம்புகிறபடி, இவர் ஒரே ஒரு முறை மனிதரானார், ஆன பிறகு அதைக் கழற்றி வைக்கவில்லை. உயிர்த்தெழுந்தவர் தோமாவுக்குக் காயத்தைக் காட்டினார், சீஷர்கள் கண்முன் மீன் சாப்பிட்டார். தழும்புள்ள மனித உடலோடுதான் பிதாவின் வலது பக்கத்தில் இருக்கிறார். அக்கா சற்று யோசித்துவிட்டு, "அப்ப காயம் இன்னும் இருக்கா?" என்றார். நம் சபைகளில் இப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதில்லை.

யோவான் 1:14ஐ நம் பழைய மொழிபெயர்ப்பு "அந்த வார்த்தை மாம்சமாகி" என்கிறது, கத்தோலிக்கச் சபையார் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு "வாக்கு மனிதர் ஆனார், நம்மிடையே குடிகொண்டார்" என்கிறது. இளையவர்களுக்கு இரண்டாவது எளிது. ஆனால் மூலத்தில் உள்ள சொல் சதையைக் குறிக்கும் சொல்தான். பசிக்கும், வேர்க்கும், அழுகும் சதை. மாம்சம் என்ற சொல்லின் முரட்டுத்தனம் எனக்கு வேண்டியிருக்கிறது. குடிகொண்டார் என்பதற்கு அங்கே உள்ள வினைச்சொல்லோ கூடாரம் அடித்துத் தங்கினார் என்ற பொருளுடையது. அதை ஒரு வேதபாட வகுப்பில் கேட்டது முதல், நம் வீட்டு வாசல்களில் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போடப்படும் தகரக் கூடாரமே என் நினைவுக்கு வருகிறது.

நான் கேட்பது அதிகமில்லை. துக்க வீடுகளில் யோவான் பதினொன்றை இடையில் வெட்டாமல் வாசியுங்கள். வாசித்த பின் சற்று நேரம் பேசாமலிருந்து, அழுகிறவர்களை அழ விடுங்கள். நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை. அழுகிறவர்களுடனே அழுங்கள் என்று ரோமருக்கு எழுதியவரும் அவரே. விசுவாசப் பிரமாணத்தைக் கைவிட்டுவிட்ட சபைகள் மாதம் ஒரு முறையாவது நிசேயா பிரமாணத்தைச் சொல்லட்டும். "மனிதர் ஆனார்" என்ற இடத்தில் ஓட்டமாக ஓடாமல் சொல்லட்டும். ஞாயிறு பள்ளிப் பாடங்களைத் திருத்தும் குழு அடுத்த முறை கூடும்போது, அந்தப் பையனின் கேள்விக்கு அரைப் பக்கம் ஒதுக்கட்டும். எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர் இருந்தால் இன்னும் நல்லது.

வருகிற பெரிய வெள்ளியன்று நம் சபைகள் சேர்ந்து நடத்தும் மும்மணி ஆராதனைக்கு வார்த்தைகளைப் பங்கிடும் கூட்டம் விரைவில் கூடும் என்று அறிகிறேன். ஐந்தாம் வார்த்தை உங்களில் யாருக்கு விழுகிறதோ, அவர் தயவுசெய்து இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: அந்தத் தாய் வருவதாகச் சொல்லியிருக்கிறார். என் பக்கத்தில்தான் உட்காருவார். மகன் வழக்கமாக வேலைக்குக் கொண்டுபோன தண்ணீர்ப் போத்தலை, அதைக் கழுவாமல், இன்னும் சமையலறை மேடையில் வைத்திருக்கிறார்.

கிறிஸ்துவின் பணியில் உங்கள் சகோதரி,
ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்